எழுத்துப் பயிற்சி வகுப்பு படிக்கும் பழக்கத்தை மாற்றுமா?

28.6.2025, கேள்வி

என் மகள் பி.காம். முதலாண்டு சேர்ந்திருக்கிறாள். பிற துறைப் பாடம் ஒன்று எடுக்க வேண்டுமாம். ஒன்று கம்ப்யூட்டர், இன்னொன்று தமிழ்த் துறை நடத்தும் எழுத்துப் பயிற்சி. அவளுக்கு இரண்டாவதில்தான் ஆசை. "எழுதினவங்க எல்லாம் வகுப்புக்குப் போயா எழுதினாங்க?" என்கிறார் அவள் அப்பா. எழுத்தைச் சொல்லித்தர முடியாது என்றுதான் நானும் நினைக்கிறேன். எடுத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

28.6.2025, இரவு, பதில்

நான் எடுத்தேன். 2016-இல், நானும் பி.காம்.தான். படித்தது திண்டுக்கல்லில், நிலக்கோட்டையிலிருந்து தினமும் பஸ். வாரத்துக்கு 2 மணி நேரம், 2 கிரெடிட். ஆசைப்பட்டுச் சேரவில்லை. கம்ப்யூட்டர் பாடத்துக்கு இடம் முடிந்துவிட்டது.

அக்கா, எங்கள் வகுப்பில் 34 பேர் இருந்தோம். ஒருவரும் எழுத்தாளர் ஆகவில்லை. நான் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஆனால் எனக்குப் படிக்கிற விதம் மாறியது, வேலை செய்கிற விதமும் மாறியது. முதல் மாதத்திலேயே மாறியது.

அதற்கு முன் படிப்பு என்றால் கைடுதான். 2 மார்க், 5 மார்க், 10 மார்க் என்று பிரித்துக்கொள்வேன். 10 மார்க்குக்கு உள்தலைப்புகளை மட்டும் உருப்போட்டுப் போய், மீதியைப் பரீட்சை ஹாலில் நிரப்புவேன். பிளஸ் டூவில் அதற்கு நல்ல மார்க்கும் வந்தது. ஒரு புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்ததே கிடையாது.

தமிழம்மா முதல் நாளே லாங் சைஸ் நோட்டு ஒன்று வாங்கச் சொன்னார். வலது பக்கத்தில் மட்டும் எழுத வேண்டும், இடது பக்கம் காலியாக இருக்க வேண்டும். பேப்பர் வீணாகுமே என்று ஒருத்தி கேட்டாள். "திரும்பி வந்தா உட்கார இடம் வேண்டாமா?" என்றார்.

29.6.2025

முதல் கட்டுரை 'என் ஊர்'. இயற்கை எழில் கொஞ்சும், மல்லிகை மணம் கமழும், உழைக்கும் மக்கள் வாழும் என்று ஒன்றரைப் பக்கம் எழுதினேன். பள்ளிக்கூடத்தில் அதே வாக்கியங்களுக்குப் பரிசு வாங்கியிருக்கிறேன். தமிழம்மா ஓரத்தில் ஒரே கேள்விதான் எழுதியிருந்தார்: "ஒரு முழத்துக்கு எத்தனை பூ?"

எங்கள் வீட்டில் அம்மா பூக்கட்டுவார். அப்பாவுக்கு ஒரு ஏக்கருக்கும் குறைவாக மல்லித் தோட்டம். பிறந்ததிலிருந்து அந்தப் பூவுக்குள்தான் இருந்திருக்கிறேன், ஒரு நாளும் எண்ணியதில்லை. அன்று ராத்திரி அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன். நூறு மொட்டு. எண்ணும்போதுதான் மற்றதும் கண்ணில் பட்டது. ஒரு முடிச்சுக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. வாழைநாரை நனைத்துத்தான் கட்டுவார். விரிந்த பூவைத் தனியாக ஒதுக்கிவிடுவார், மொட்டுதான் காசு. மொட்டாகவே பறிக்க வேண்டும் என்பதால்தான் அப்பா விடியுமுன் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறார். மார்கழியில் பனி விழுந்தால் செடியில் மொட்டே இருக்காது, மார்க்கெட்டில் விலை மட்டும் ஏறிக்கொண்டே போகும். விலை ஏறியது என்று ஊரே பேசுகிற மாதத்தில் எங்கள் வீட்டில் விற்கப் பூ இருக்காது. இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் எழுதும்போது இதில் ஒன்றுகூட வரவில்லை, எழில்தான் கொஞ்சியது.

30.6.2025

நேற்றுச் சொல்ல விட்டது. தமிழம்மா திருத்துகிற முறைக்குச் சில குறிகள் உண்டு. சிவப்பு மையில் "கூ.கூ." என்று போடுவார். கூறியது கூறல். "மி.ப." என்றால் மிகைபடக் கூறல். "மா.கொ." என்றால் மாறுகொளக் கூறல், முன்னால் சொன்னதற்கு எதிராகப் பின்னால் சொல்வது. எல்லாம் நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் உள்ளவை. பள்ளியில் இந்தப் பத்தையும் 5 மார்க் கேள்வியாக மனப்பாடம் செய்தவள்தான் நான். என் சொந்தப் பக்கத்தின் ஓரத்தில் பார்த்தபோதுதான் அவை எதற்காக இருக்கின்றன என்று புரிந்தது.

எனக்கு அதிகம் விழுந்தது "வெ.தொ." வெற்றெனத் தொடுத்தல். வீட்டில் நோட்டைப் பார்த்துவிட்டு அம்மா என்ன என்று கேட்டார். பொருள் இல்லாமல் வெறும் சொல்லைக் கோத்துவைப்பது என்றேன். "நார் மட்டும் தெரியற மாதிரி கட்டியிருக்கேன்னு சொல்றாங்க" என்றார். இதைவிட நல்ல உரை எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை. தொடுப்பது பூவுக்கும் உண்டு, சொல்லுக்கும் உண்டு.

2.7.2025

இது வேலைக்கு எப்படி உதவும் என்று ஒரு தம்பி கேட்கிறார். அதைத்தான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

2017 ஜனவரியில் ஒரு பயிற்சி. முந்தைய நவம்பர் மாதத்துச் செய்தித்தாள்களைத் தமிழம்மா சேர்த்துவைத்திருந்தார். நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்களே, அந்த வாரத்துத் தாள்கள். ஆளுக்கு ஒரு பக்கம் கொடுத்து, "கூறப்படுகிறது, தெரிகிறது, நம்பப்படுகிறது, சொல்லப்படுகிறது எல்லாத்துக்கும் கீழே கோடு போடுங்க. பக்கத்துல யார் கூறினாங்கன்னு எழுதுங்க. தெரியலேன்னா காலியா விடுங்க" என்றார். என் பக்கத்தில் 11 கோடு. 8 இடம் காலி.

அதே வாரம்தான் வணிகவியல் வகுப்பில் சஸ்பென்ஸ் கணக்கு நடந்தது. யாரிடமிருந்து வந்தது, எதற்காக வந்தது என்று தெரியாத பணத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கிற கணக்கு. இரண்டையும் ஒன்றாகப் பார்த்த நிமிடம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. வினை இருக்கிறது, செய்தவர் இல்லை. தொகை இருக்கிறது, ஆள் இல்லை. இப்போது அலுவலகத்தில் ஒரு வாடிக்கையாளரின் கணக்கில் "இதர செலவு வழங்கப்பட்டது" என்று ஒரு வரி வந்தால் என் பென்சில் தானாக அங்கே நிற்கும். யார் வழங்கினார்? யாருக்கு? வவுச்சர் எங்கே? என்னோடு சேர்ந்தவர்களில் சிலர் கூட்டுத்தொகை சரியாக வருகிறதா என்று மட்டும் பார்த்துத் தாண்டிவிடுவார்கள். நான் வரியைப் படிப்பேன். இந்தப் பழக்கத்தை எனக்குக் கொடுத்தது வணிகவியல் துறை இல்லை.

இடது பக்கத்தைக் காலியாக விடுவதையும் நான் விடவில்லை. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு நோட்டு. வலது பக்கம் கணக்கில் கண்டது, இடது பக்கம் அவர்களிடம் கேட்க வேண்டியது, அதற்குக் கீழே அவர்கள் சொன்ன பதில், தேதியோடு.

5.7.2025

பாரதி கட்டுரையைப் பற்றிச் சொல்கிறேன். எனக்குப் பெரிய திருப்பம் அதுதான்.

டிசம்பர் 11 பாரதி பிறந்தநாளுக்காக ஒரு கட்டுரை. "திருவல்லிக்கேணி கோயில் யானை மிதித்து மகாகவி உயிர் நீத்தார்" என்று எழுதினேன். ஓரத்தில் "யார் சொன்னது?" என்று மட்டும் எழுதி நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சரியான விடையைச் சொல்லவே இல்லை. எனக்குக் கோபம். எல்லோருக்கும் தெரிந்த விஷயம், எந்த மேடையிலும் சொல்கிறார்கள். மாவட்ட மைய நூலகத்துக்குப் போய் அவருடைய வாழ்க்கை வரலாறுகள் இரண்டு மூன்றைச் சேர்த்துவைத்துப் பார்த்தேன்.

பார்த்தசாரதி கோயில் யானை அவரைத் தள்ளியது உண்மை. அவருடைய நண்பர் குவளைக்கண்ணன் உள்ளே பாய்ந்து தூக்கி வந்ததும் உண்மை. ஆனால் அதற்குப் பிறகு அவர் தேறிவிட்டார். ஈரோடு கருங்கல்பாளையம் வாசகசாலைக்குப் போய் 'மனிதனுக்கு மரணமில்லை' என்ற தலைப்பில் பேசியிருக்கிறார். செப்டம்பரில் அவரைக் கொண்டுபோனது வயிற்றுக்கடுப்பு.

நாள் விஷயமும் அப்போதுதான் தெரிந்தது. நாம் அனுசரிப்பது செப்டம்பர் 11. உயிர் பிரிந்தது நள்ளிரவு தாண்டி, சுமார் ஒன்றரை மணிக்கு. ஆங்கிலத் தேதிப்படி அது 12, மாநகராட்சிப் பதிவிலும் 12 என்றுதான் இருக்கிறது. 2021-இல் தமிழக அரசு மகாகவி நாளாக அறிவித்தது 11-ஐ. விடியும்வரை அதே நாள் என்று எண்ணுகிற நம் வழக்கத்தில் 11 என்று சொன்னதும் இயல்புதான். ஒரு ராத்திரிக்கு இரண்டு கணக்கு. இரண்டு புத்தகத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் இந்த மாதிரி இடம் கண்ணில் படும். ஒன்றை மட்டும் படித்தால் அது சொல்வதே உண்மையாகிவிடும். அன்றிலிருந்து எதைப் படித்தாலும் கூட இன்னொன்றை எடுத்துக்கொள்கிற பழக்கம் வந்தது.

6.7.2025, ஞாயிறு

மேலே எழுதியதில் சில தவறு. காலையில் பரண்மேலிருந்து அந்த நோட்டையே எடுத்துப் பார்த்துவிட்டேன்.

ஒன்று. "யார் சொன்னது?" என்பது யானை வாக்கியத்தின் ஓரத்தில் இல்லை. அந்த வாக்கியத்துக்குக் கீழே வெறும் அலைக்கோடுதான். கேள்வி இருந்தது அதற்கு அடுத்த வரிக்கு. "39 வயதிலேயே" என்று எழுதியிருக்கிறேன். தமிழம்மாவின் கையெழுத்தில் இருப்பது: "யார் சொன்னது? நீ கணக்குப் படிக்கிற பிள்ளை. கழித்துப் பார்." 1921-இலிருந்து 1882 போனால் 39. ஆனால் பிறந்தது டிசம்பர், இறந்தது செப்டம்பர். 38 வயதும் 9 மாதமும். வாழ்க்கை வரலாறுகளைத் தேடிப் போனதே இந்த வயதைச் சரிபார்க்கத்தான். யானை விஷயம் வழியில் கண்ணில் பட்டது. இத்தனை வருஷமாக இந்தக் கதையை மாற்றித்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இரண்டு. முதல் மாதத்திலேயே மாறினேன் என்று சொன்னேன். நோட்டு அப்படிச் சொல்லவில்லை. ஜூலையிலிருந்து நவம்பர் வரை 9 கட்டுரை, இடது பக்கம் ஒன்பதிலும் காலி. தமிழம்மாவின் சிவப்பு மை இருக்கிறது, என் கை ஒன்றும் எழுதவில்லை. முதன்முதலாக இடது பக்கத்தில் என் கையெழுத்து வருவது டிசம்பர் 9 தேதியிட்ட பக்கத்தில், அந்தப் பாரதி கட்டுரையில்தான். அது ஒரு வெள்ளிக்கிழமை. முதல்வர் ஜெயலலிதா மறைவுக்காக விட்ட மூன்று நாள் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த வாரம் என்பதும் ஞாபகத்துக்கு வந்தது. ஐந்து மாதம் வகுப்பில் உட்கார்ந்தும் எதுவும் என்னுள் இறங்கவில்லை என்றுதான் அர்த்தம்.

மூன்று. முழத்துக்கு நூறு மொட்டு இல்லை. நோட்டில் 72.

6.7.2025, மாலை

காலையில் எழுதியதற்குப் பிறகு அதே யோசனை. முழப் பூக்கணக்கைக் கேட்டு எண்ணிப் பார்த்ததும் எல்லாம் மாறிவிட்டது என்பதுபோல எழுதியிருந்தேன். அந்த முழக்கணக்கு எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். கட்டுரையில் சேர்த்தேன், பாராட்டும் வாங்கினேன், அடுத்த கட்டுரையில் மறுபடியும் கமழ விட்டுவிட்டேன். நோட்டில் அப்படியே இருக்கிறது. ஒருவர் சொல்லிக் கவனிப்பது வேறு. கோபப்பட்டு, நூலகத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து, நாமே கண்டுபிடிப்பது வேறு. அக்கா, உங்கள் மகளுக்கு முதல் செமஸ்டரில் ஒரு மாற்றமும் தெரியாவிட்டால் கவலைப்படாதீர்கள்.

9.7.2025

இதற்கு நான் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும்.

மூன்றாம் ஆண்டில் ஒரு தாளில் கைடு வாக்கியங்களை விட்டுவிட்டு, பாடத்தைப் புரிந்துகொண்டு என் சொல்லில் எழுதினேன். எப்போதும் 60-க்கு மேல் வருகிற எனக்கு 75-க்கு 41 வந்தது. உள்தலைப்பு இல்லை, அடிக்கோடு இல்லை, திருத்துபவருக்கு எங்கே மார்க் போடுவது என்று தெரிந்திருக்காது. அடுத்த செமஸ்டரில் உள்தலைப்பு போட்டு அதற்குக் கீழே என் சொல்லில் எழுதினேன், மார்க் திரும்பி வந்தது. உங்கள் மகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பரீட்சைக்கு எழுதுவதற்குத் தனி வடிவம் உண்டு, அதை மதிக்கத்தான் வேண்டும்.

இன்னொன்று கொஞ்சம் வலித்தது. சின்ன வயதிலிருந்தே அம்மா பூக்கட்டும்போது வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதையை நான்தான் வாய்விட்டுப் படித்துக் காட்டுவேன். அவர் கை ஓடும், கண்ணும் பூவில் இருக்கும், காது என்னிடம் இருக்கும். வகுப்பில் சேர்ந்த வருஷம் நடுநடுவே நிறுத்த ஆரம்பித்தேன். இந்த வரியில் கூறியது கூறல், போன அத்தியாயத்தில் மழை என்றவர் இந்த அத்தியாயத்தில் வெயில் என்கிறார் என்று ஒவ்வொன்றாகச் சொல்வேன். நாலைந்து வாரம் பொறுத்துக்கொண்டார். பிறகு ஒரு நாள், "நீ படிக்க வேண்டாம். டிவியைப் போடு" என்றார்.

அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. அதன்பிறகு வீட்டில் படிக்கும்போது பென்சிலைக் கையில் எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் பென்சிலோடு, அம்மா பக்கத்தில் பென்சில் இல்லாமல். இரண்டு வருஷமாவது ஆகியிருக்கும், ஒரு கதையைக் கதையாகவே திரும்பப் படிக்க முடிந்ததற்கு.

வாய்விட்டுப் படித்ததற்குப் பலனும் இருந்தது. என் கட்டுரையையும் அப்படியே அம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன். எந்த இடத்தில் எனக்கு மூச்சு வாங்குகிறதோ அந்த வாக்கியம் நீளம். எந்த இடத்தில் அம்மாவின் கை நிற்கிறதோ அந்த இடம் நன்றாக இருக்கிறது. இன்றுவரை ஒரு கடிதமோ, வரித்துறை நோட்டீசுக்குப் பதிலோ எழுதினால் அலுவலகம் காலியானபின் ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

13.7.2025

எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றும் வாங்க வேண்டாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி 1924-இலிருந்து 1936-க்குள் ஆறு தொகுதியாக வந்தது, 1939-இல் அனுபந்தமும் வந்தது. அது இணையத்திலேயே கிடைக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் நிறைய இருக்கின்றன. ஒரு நோட்டும் பென்சிலும் போதும்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. சீனியர் பிள்ளைகளிடம் விசாரியுங்கள்: நோட்டு திருத்தித் திரும்ப வருகிறதா? திருத்தியதை மறுபடி எழுதச் சொல்கிறார்களா? வந்தால் சேருங்கள். 'கட்டுரையின் வகைகள்', 'சிறுகதையின் இலக்கணம்' என்று நோட்ஸ் கொடுத்துப் பரீட்சை வைக்கிற வகுப்பு என்றால் கம்ப்யூட்டரே மேல், தயங்காமல் அதை எடுங்கள். எங்களுக்கு அமைந்தது மாதிரி 34 நோட்டை வாரம் தவறாமல் வீட்டுக்குச் சுமந்துபோய்த் திருத்துகிறவர் எல்லா இடத்திலும் அமையமாட்டார்.

13.7.2025, சற்று நேரம் கழித்து

"ஆசிரியரிடம் பாதி, தானாகப் பாதி என்று நன்னூலிலேயே இருக்கிறது" என்று போன வாரம் ஒருவரிடம் சொன்னேன். அது தப்பு, இங்கே திருத்திக்கொள்கிறேன். ஆசிரியர் சொல்வதை நன்றாகக் கேட்டாலும் கால் பங்குதான் வரும் என்கிறார் பவணந்தி. கூடப் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். தான் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் மீதி அரை. 13-ஆம் நூற்றாண்டு நூல், இதைவிடச் சரியான பங்குக் கணக்கு நான் பார்க்கவில்லை.

அந்த இரண்டாவது கால் பங்கைப் பற்றி இதுவரை எழுதவே இல்லை. மாதம் ஒருமுறை நோட்டை மாற்றிக்கொள்ளச் சொல்வார் தமிழம்மா. என் நோட்டு இயற்பியல் துறைப் பெண் ஒருத்தியிடம் போகும். மலைக்கிராமத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தவள், அதிகம் பேசமாட்டாள். பொங்கல் முடிந்து 'என் ஊர்' கட்டுரையை மறுபடி எழுதினோம். நான் மார்க்கெட், முழம், நார், மார்கழிப் பனி எல்லாவற்றையும் சேர்த்திருந்தேன். திருத்த ஒன்றும் இருக்காது என்றுதான் கொடுத்தேன். அவள் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாள்: "நவம்பர்ல நோட்டு செல்லாமப் போனப்ப உங்க அப்பா என்ன பண்ணார்?"

புழக்கத்திலிருந்த பணத்தில், மதிப்பின்படி 86 சதவீதம் ஒரே ராத்திரியில் செல்லாமல் போன மாதம் அது. மொட்டை வீட்டில் வைத்திருக்க முடியாது, விற்றே ஆக வேண்டும். வாங்குகிறவரிடம் சில்லறை இல்லை. அப்பா மூன்று வாரம் பணத்துக்குப் பதில் துண்டுச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தார். சட்டைப்பை நிறையச் சீட்டு, பறித்தவர்களுக்குக் கொடுக்கக் காசு இல்லை. ராத்திரி அந்தச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கிக் கணக்கு எழுதியவளே நான்தான். பி.காம். படிக்கிற பிள்ளை என்று அப்பா என்னிடம் கொடுத்திருந்தார். அது கட்டுரையில் வர வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டுக் கஷ்டத்தை எழுதக் கூடாது என்று உள்ளுக்குள் இருந்திருக்கும். அவள் கேட்டதால் எழுதினேன். அந்தக் கட்டுரையை மட்டும் அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. அப்பா தானாகவே எடுத்துப் படித்திருக்கிறார். சொன்னது இவ்வளவுதான்: "நாலாவது சீட்டு 640 இல்ல, 460."

20.7.2025, ஞாயிறு

வாடிக்கையாளர்களின் ஜி.எஸ்.டி. 3பி படிவம் தாக்கல் செய்ய இன்று கெடு, அதனால் ஒரு வாரமாக எழுத முடியவில்லை. உங்கள் மகள் எழுத்துப் பயிற்சியிலேயே சேர்ந்துவிட்டாள் என்று படித்தேன், சந்தோஷம். இடது பக்கத்தைக் காலியாக விடச் சொல்லுங்கள்.

முழக்கணக்கை நேற்று அம்மாவிடம் கேட்டேன். நூறா, 72-ஆ? "எந்த முழம்?" என்றார். கடைக்குக் கொடுப்பது கலக்கக் கட்டுவது, அதுதான் 72. கல்யாணத்துக்கு, சாமிக்கு என்றால் நெருக்கிக் கட்ட வேண்டும். ஒரு முழம் கட்டிக் கொடுத்தார், எண்ணினேன், 120. முழம் என்பதே முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரைதானே, மார்க்கெட்டில் அளந்து கொடுக்கிற ஆத்தாவுக்குக் கை குட்டை, அவர் முழத்தில் இன்னும் குறையும் என்றார். 2016-இல் நான் எண்ணியது கலக்கக் கட்டியது என்பதை நோட்டில் எழுதிவைக்கவில்லை. இப்போது இடது பக்கத்தில், தேதி போட்டு எழுதியிருக்கிறேன். ஆத்தாவின் முழத்தை நாளைக் காலை போய் எண்ண வேண்டும்.